ஒன்றாம் வகுப்பில் முதல் எழுத்து எது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஜூன் மாதம் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறவர்கள் பொறுமையாகப் படித்தால் சந்தோஷப்படுவேன்.

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "டீச்சர், பாப்பாவ ஒண்ணாவது சேர்க்கப் போறோம். முதல் பருவத்துல என்னென்ன சொல்லித் தருவாங்க? இவளுக்கு இன்னும் அ கூட ஒழுங்கா வரல. என் நாத்தனார் பையன் எல்கேஜியிலேயே இசட் வரைக்கும் எழுதறான்" என்றாள். நோட்டை நீட்டினாள். ஒரு பக்கம் முழுக்க அ. முதல் வரியில் அ மாதிரி இருந்தது. கடைசி வரிக்கு வரும்போது நத்தையா, சுருட்டிய கயிறா என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் தண்ணீர் பட்டு மை ஊறியிருந்தது. பாப்பா அழுதுகொண்டே எழுதியிருக்கிறாள்.

அவளுக்கு அப்போதைக்கு இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒன்றாம் வகுப்பில் முதலில் எதைச் சொல்லித் தருவது என்ற கேள்விக்கு நம் ஊரில் பெரிய சரித்திரமே இருக்கிறது. அதில் கடைசி முப்பத்து மூன்று வருஷத்தில் நானும் ஒரு ஓரத்தில் நின்றிருக்கிறேன்.

எங்கள் தாத்தா காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இருந்து ஆரம்பிக்கிறேன். விஜயதசமி அன்று பிள்ளையை உட்காரவைத்து, அரிசியில் விரலைப் பிடித்து எழுதவைத்து ஆரம்பிப்பார்கள். அதற்குப் பிறகு மணல். தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தைப் போட்டு, போடும்போதே உரக்கச் சொல்ல வேண்டும். ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வருவது ரொம்ப நாள் கழித்துத்தான். எழுத்து முடிந்தால் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி. இன்னொரு பக்கம் எண்சுவடி. அதில் கால், அரை, முக்கால் மட்டும் இல்லை. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. இவ்வளவையும் தலைகீழாய்ச் சொல்ல வேண்டும். வாத்தியார் ஒருவர்தான். அதனால் விவரம் தெரிந்த பெரிய பையன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக நின்று சொல்லித் தருவான். தப்புச் சொன்னால் பிரம்படி. கோதண்டம் என்று கயிற்றில் தொங்கவிடுகிற தண்டனைகூட உண்டு.

இந்த மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பல் ஏறிப் போன கதை பலருக்குத் தெரியாது. ஆண்ட்ரூ பெல் என்று ஒரு பாதிரியார். 1789இல் சென்னையில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான ஆண்கள் விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றார். அங்கே இருந்த ஆசிரியர்களால் பிள்ளைகளுக்கு எழுத்தைப் புகட்ட முடியவில்லை. பக்கத்தில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதுவதை அவர் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படியே மணலைப் பரப்பினார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காததால் ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். வேலை நடந்தது! ஊருக்குத் திரும்பி 1797இல் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற ஊரில் அவர் விட்டுப்போன பணத்தில் தொடங்கிய பள்ளிக்கு இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

இதைக் கேட்டுவிட்டு, பார்த்தாயா நம் பழைய கல்வி எவ்வளவு உசத்தி என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்பவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுங்கள். மன்றோ கவர்னராக இருந்தபோது 1822இல் ஜில்லா ஜில்லாவாகக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் தொகுத்த கணக்குப்படி சென்னை ராஜதானி முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. அந்தக் காலத்துக்கு அது பெரிய கணக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 1,88,650இல் பெண் பிள்ளைகள் எத்தனை தெரியுமா? 4,540. தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாள ஜில்லாக்கள் எல்லாம் சேர்த்து. சேரிப் பிள்ளைகளுக்கு அந்தத் திண்ணையில் இடமே கிடையாது. என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் டீச்சர். நடுவில் நடந்ததை மறந்துவிட்டு திண்ணைப் பெருமை பேச எனக்கு மனசு வரவில்லை.

பிறகு அச்சுப் புத்தகம் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பிள்ளைகளுக்கென்று பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். மிஷன் பள்ளிகளும் தங்களுக்கென்று அச்சிட்டன. மணல் போய் சிலேட்டு வந்தது. படம் போட்ட புத்தகம் வந்த பிறகு அ என்றால் அம்மா, ஆ என்றால் ஆடு. எங்கள் தலைமுறை படித்தது அதைத்தான். 1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. அடுத்த சில வருஷங்களில் கிலோவும் லிட்டரும் வந்தன. மாவும் காணியும் முந்திரியும் வாய்ப்பாட்டைவிட்டுக் கிளம்பிப் போயின. யாரும் அழுததாகத் தெரியவில்லை.

நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனது 1980இல். அப்போதுதான் எழுத்துச் சீர்திருத்தம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெரியார் 1935இலேயே 'குடி அரசு' பத்திரிகையில் பயன்படுத்த ஆரம்பித்த எழுத்துகளை, அவருடைய நூற்றாண்டையொட்டி 1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு ஆணை போட்டுப் பாடப்புத்தகத்துக்குக் கொண்டுவந்தது. ணா, றா, னா. அவற்றின் ஒகர ஓகாரங்கள். ணை, லை, ளை, னை. மொத்தம் 13 எழுத்துகள். இன்றைய பிள்ளைகளுக்குப் பழைய வடிவம் தெரியாது. பழைய லை, னை எல்லாம் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு கொக்கி வைத்திருக்கும். பழைய ணா, றா, னா மூன்றுக்கும் துணைக்கால் தனியாக நிற்காது, எழுத்தோடேயே சுருண்டுகொள்ளும். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கு இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய விதிவிலக்குகள். பயிற்சிப் பள்ளியில் எங்கள் ஆசிரியர்களே புது எழுத்தைப் பாடம் நடத்திவிட்டு, கரும்பலகையில் கை பழக்கத்தில் தும்பிக்கை போட்டுவிடுவார்கள். நாங்கள் சிரிப்போம்.

1985இல் வேலை கிடைத்தது. ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்பு, ஒரே கூடம். முதல் வருஷமே ஒரு அப்பா சண்டைக்கு வந்தார். "என்னம்மா, பிள்ளைக்கு 'யானை'ன்னு எழுதவே தப்பாச் சொல்லித் தந்திருக்கீங்க" என்றார். அவர் படித்த காலத்து னை வேறு. ஆணையைக் காட்டி விளக்கினேன். "ஓகோ, எம்.ஜி.ஆரு சொல்லிட்டாரா" என்று அடங்கிப் போய்விட்டார். அந்த ஆணையால் ஒன்றாம் வகுப்பில் எனக்கு எத்தனை நாள் மிச்சமாயிற்று என்று எனக்குத்தான் தெரியும்.

அப்போதெல்லாம் சேர்க்கைக்கு வயது பார்க்கிற முறை உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் அந்தப் பக்கத்துக் காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது. தொட்டுவிட்டால் மறுநாளே சிலேட்டில் அ.

இனிமேல் சொல்லப்போவது என் தவறு. வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். என் ஒன்றாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். புத்தகம் முழுக்கக் கணீரென்று வாசிப்பான். ஒரு எழுத்து பிசகாது. ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் அவனைத்தான் எழுப்பி நிறுத்தினேன். அவனும் முழுப் பாடத்தையும் வாசித்தான். அதிகாரி சிரித்துக்கொண்டே புத்தகத்தை வாங்கி, நடுப்பக்கத்தில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இது என்னப்பா?" என்றார். பையன் விரலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு பாடத்தை முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். அந்தச் சொல் வருகிற இடம் வந்தும் நிற்கவில்லை. அவனுக்குச் சொல் எது என்றே தெரியவில்லை. படத்தைப் பார்த்துப் பாடத்தை ஒப்பித்திருக்கிறான், அவ்வளவுதான்.

அதிகாரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். நான் சொல்லித் தந்தது பானா, டானா, இம்மன்னா. எழுத்தின் பெயர். "பானா டானா இம்மன்னா" என்றால் 'படம்' என்று ஒரு குழந்தைக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்கிற பிள்ளைகள் தாங்களாகவே எப்படியோ தெரிந்துகொண்டார்கள். நான் அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்துகொள்ளாத பிள்ளை கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தி, ஐந்தாம் வகுப்பு வரைக்கும் போய், அப்படியே நின்றுவிட்டான். அவனை ஒரு பத்து வருஷத்துக்கு முன்னால் டவுன் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மீசை நரைத்திருந்தது. காலைத் தொட்டுக் கும்பிட்டான். "டீச்சர், எங்க ஊர் பஸ் வந்தா சொல்லுங்க" என்றான். பஸ்ஸில் எழுதியிருக்கிறதைப் படிக்கத் தெரியவில்லை. எனக்கு நிற்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு. அந்தப் புத்தகத்தைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். அ-விலிருந்து ஆரம்பிக்கவில்லை. பட்டா, படி என்று ஆரம்பித்தது. நிலம் இல்லாத பெண்கள் முதலில் படித்த சொல் பட்டா! பிறகுதான் இன்னொரு விஷயம் எனக்கு உறைத்தது. ட என்பது இரண்டே கோடு. ப மூன்று கோடு. வளைவே இல்லை. அ, இ, ஈ எல்லாம் வரிசையில் முதலில் வருகிற எழுத்துகள். எழுதுவதற்கு அவைதான் கஷ்டமானவை. இ-யைச் சுழித்துக் கொண்டுவருவதற்குள் ஐந்து வயது விரல் வலிக்கும். நெடுங்கணக்கு இலக்கணக்காரர்கள் ஒலி பிறக்கிற முறையை வைத்து அடுக்கியது. அந்த அடுக்கு அற்புதமானது. ஆனால் குழந்தையின் விரலைக் கேட்டு அடுக்கியதில்லை.

அதற்கப்புறம் செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் சோதனை பார்த்தார்கள். ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலி என்ற பள்ளி இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள கிராமப் பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த முறையிலிருந்து எடுத்தது. 2007-08இல் மாநிலம் முழுக்கச் சுமார் 37,000 பள்ளிகளுக்கு வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரில் குழந்தை உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். ஏணிப்படி என்று ஒரு பெரிய அட்டை. அதில் தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, தட்டில் இருந்து தன் அட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். சில அட்டைகள் டீச்சரோடு, சில சகமாணவரோடு, சில தனியாக. எழுத்தும் அ-விலிருந்து இல்லை; ட, ப, ம போன்ற சுலபமான எழுத்துகளில் ஆரம்பித்து உடனே படம், மடம், பட்டம் என்று சொல்லுக்குப் போய்விடும்.

எங்கள் பள்ளியில் எல்லோரும் முணுமுணுத்தோம். தரையில் உட்கார்ந்து எழுந்து எழுந்து முட்டி தேய்ந்தது. நாற்பத்தேழு வயதில் பாயில் உட்காரச் சொன்னால்? அட்டைகள் கிழிந்தால் புது அட்டை வருவதற்குள் வருஷம் முடிந்துவிடும். பெற்றோர்கள் "புஸ்தகமே எடுத்துட்டு வர மாட்டேங்குதே, டீச்சர் பாடம் நடத்துறாங்களா இல்லையா" என்று கேட்டார்கள். இவ்வளவும் உண்மை. ஆனால் ஒன்று சொல்கிறேன். ஏழாவது மாதத்தில் ஒரு பெண் பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்கு 'மடம்' சொல்லித் தந்துகொண்டிருந்தாள். ம-வில் விரலை வைத்து, ட-வில் விரலை வைத்து. அந்தப் பையனுக்கு இது கிடைத்திருந்தால் என்று அன்றைக்கு நினைத்தேன். ஆண்ட்ரூ பெல்லின் எட்டு வயது வாத்தியாரும் அன்றைக்குத்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2006இல் தமிழ் கற்கும் சட்டம். அந்த வருஷம் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்து, வருஷத்துக்கு ஒரு வகுப்பாக எல்லாப் பள்ளிகளிலும் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று. 2010-11இல் சமச்சீர் கல்வி. அதுவும் முதலில் ஒன்றுக்கும் ஆறுக்கும்தான். அதுவரைக்கும் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு. மறு வருஷம் அது கோர்ட்டுக்குப் போய், 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை மற்ற வகுப்புப் பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2012-13இல் முப்பருவ முறை வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கேட்ட 'முதல் பருவம்' அப்போது பிறந்ததுதான். புத்தகத்தை மூன்றாகப் பிரித்தார்கள். பையின் எடை குறைந்தது. எனக்கு அதில் பிடித்தது வேறொன்று: ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு சின்னப் புத்தகம்தான் கணக்கு என்றால், டீச்சருக்கு ஓடத் தோன்றாது.

நான் ஓய்வு பெற்ற 2018இல் ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்றுக்குப் புதுப் புத்தகங்கள் வந்தன. வழவழ தாள், வண்ணப் படம், கியூஆர் கோடு. நடத்தக் கொடுத்துவைக்கவில்லை, பக்கம் பக்கமாகப் பார்த்து ஏங்கினேன். பிறகு கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறைக்குள் முதன்முதலாகக் கால் வைத்தது இரண்டாம் வகுப்பில். அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலைக்கு ஏற்பப் பயிற்சி. 'பொருள் புரிந்து' என்ற இரண்டு சொல் அங்கே இருப்பதைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது. அதே வருஷம் செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தையும் நான் பாடத்திட்டத்தோடுதான் சேர்ப்பேன். பட்டினியாக வந்த பிள்ளைக்கு ஒன்பதரை மணிக்கு எந்த எழுத்தும் ஏறாது. நான் பார்த்திருக்கிறேன்.

சரி, அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். ஏம்மா, முதல் பருவத்தில் உன் மகளுக்குப் பாட்டு இருக்கும், கதை இருக்கும், படத்தைப் பார்த்துப் பேசச் சொல்வார்கள். கோடு, வளைவு, சுழி என்று கையைப் பழக்குவார்கள். எழுத்து மெல்ல வரும். கணக்கில் உள்ளே வெளியே, மேலே கீழே, பெரியது சிறியது; பிறகு ஒற்றை இலக்க எண்கள். ஆங்கிலத்திலும் பாட்டும் பெயர்களும்தான். சூழ்நிலையியலில் தன் உடம்பு, தன்னைச் சுற்றி இருப்பவை. இதைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று நீ வேறு பள்ளிக்கு ஓட வேண்டாம். நாத்தனார் பையன் இசட் வரைக்கும் எழுதட்டும். அவனிடம் ஒரு நாள் நடுவில் இருக்கிற ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டுப் பார்.

நோட்டை என்னிடமே வைத்துக்கொண்டேன். இன்றைக்குக் காலையில் பாப்பாவை மட்டும் அனுப்பச் சொன்னேன். பெரிய தாம்பாளத்தில் ரவையைக் கொட்டிப் பரப்பினேன். எதை வேண்டுமானாலும் போடு என்றேன். முதலில் ஒரு பூனை போட்டாள். அழித்தாள். எங்கள் வீட்டு வாசல்படியைப் போட்டாள். அழித்தாள். நான் பக்கத்தில் ஒரு ட போட்டேன்.

"பாட்டி, இது நாற்காலி" என்றாள்.

"ஆமாம், நாற்காலிதான். அது 'ட'ன்னு சத்தம் போடும்" என்றேன். ரவை தீரும்வரைக்கும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். பாதி ரவை தரையில். சாயங்காலம் உப்புமாவுக்கு இருந்த ரவை அது.

உங்களுக்கு ஒன்றாம் வகுப்பில் முதலில் சொல்லித் தந்த எழுத்து எது? சிலேட்டிலா, மணலிலா, அட்டையிலா? சொல்லித் தந்த டீச்சர் பெயர் ஞாபகம் இருந்தால் அதையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன்.